அளவெடுத்து வாங்கிய கணினி

(உரைநடைப் பாடம்)

நுழையும்முன்

இந்தியாவில் முதன்முதலில் நிறுவப்பட்ட இலக்கமுறை மின்னணுக் கணினி எச்.இ.சி.-2எம் என்பதாகும். இங்கிலாந்தில் உருவான அது 1955ஆம் ஆண்டு நம் நகரின் வடபகுதியாகிய பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது. 10 அடி நீளமும் 7 அடி அகலமும் 6 அடி உயரமும் கொண்ட அப்பெருங்கருவியை அறிஞர்கள் ஆராய்ந்து வாங்கினர். அதனினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த கணினியை இன்று நம் பெற்றோர் கடைவீதியில் நின்று தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

*

2024ஆம் ஆண்டு, துர்க்கா பூசை விடுமுறைக்கு முந்திய வாரம். என் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் தாயுடன் ஆசிரியர் அறைக்கு வந்தான். அவன் தந்தை கப்பல்துறையில் ஒப்பந்தப் பணியாளர். தாய் இரண்டு ஆண்டுகள் சீட்டுக் கட்டி 40,000 ரூபாய் சேர்த்திருந்தார். அவர் கையில் ஒரு கடைக்காரர் எழுதிக்கொடுத்த விலைச்சீட்டு இருந்தது. “ஐ7 கணினி, 8 ஜிபி, 1 டிபி, விளையாட்டுக்கு ஏற்றது, 38,000 ரூபாய்” என்று அதில் எழுதியிருந்தது. பெட்டியில் வண்ண விளக்குகளும் எரியுமாம்.

“ஐயா, ஒருமுறைதான் வாங்க முடியும். இது நல்லதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார் அந்த அம்மையார்.

“தம்பி, இந்த ஐ7 எத்தனையாவது தலைமுறை?” என்று மாணவனைக் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. சீட்டிலும் இல்லை.

அக்கேள்வியை நான் கேட்டதற்குக் காரணம் என் அறிவன்று. நான் பட்ட அடி. முன்பு வேறோர் ஊரில் பணியாற்றியபோது, ‘ஐ7’ என்னும் பெயரை மட்டும் நம்பி ஒரு கடையில் பழைய கணினி ஒன்றை வாங்கினேன். அது நான்காம் தலைமுறையைச் சேர்ந்தது. அதன் மையச் செயலகம் 2013ஆம் ஆண்டளவில் வெளிவந்தது என்பதைப் பிறகே அறிந்தேன். இன்டெல் நிறுவனத்தின் மையச் செயலகங்களில் ஐ3, ஐ5, ஐ7 என்பன ஒரே தலைமுறைக்குள் உள்ள படிநிலைகளே. தலைமுறையை அறிய, அவற்றை அடுத்து வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். ஐ7-4770 என்பது நான்காம் தலைமுறை. ஐ3-12100 என்பது பன்னிரண்டாம் தலைமுறை. முன்னது பெயரில் பெரியது. பின்னது செயலில் விரைவானது. மேலும், விண்டோஸ் 11 இயங்குதளம் இன்டெல் செயலகங்களில் பொதுவாக எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிற்பட்டவற்றையுமே ஏற்கிறது. விண்டோஸ் 10க்குரிய பொதுவான பாதுகாப்பு ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிவுற்றது. ஆகவே அன்று பழைய ஐ7 வாங்கியவர், வாங்கிய மறு ஆண்டே வழி தெரியாமல் நிற்க நேர்ந்திருக்கும்.

அந்த விலைச்சீட்டை மடித்து வைத்துவிட்டு வேறொரு தாளை எடுத்தேன். நம் பள்ளிக்கு அருகிலுள்ள மட்டியாபுருசைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு வீடு தையல் இயந்திரம் ஒலிக்கும் பகுதி அது. அங்குள்ள தையற்காரர் எவரும் முதலில் கத்தரிக்கோலை எடுப்பதில்லை, அளவுநாடாவைத்தான் எடுப்பார். கணினிக்கும் அதுவே முறை.

வீட்டில் யார், எதற்குப் பயன்படுத்துவர் என்று கேட்டு எழுதினோம். பள்ளி ஒப்படைப்புகள், காணொளிப் பாடங்கள், தந்தையின் வைப்புநிதிக் கணக்கு, ஆறாம் வகுப்பில் படிக்கும் தங்கைக்குத் தமிழ்த் தட்டச்சு ஆகியன முதலில் வந்தன. பின்னர் மாணவன் மெல்லத் தன் விருப்பங்களைச் சொன்னான்: மைன்கிராஃப்ட், சதுரங்கம், கார்ப் பந்தயம். கடைசியாக, நண்பன் வீட்டில் கண்ட புத்தம்புதிய பெருவிளையாட்டு ஒன்றின் பெயரையும் சொன்னான்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. முதல் மூன்றையும் 40,000 ரூபாய்க் கணினியில் நன்றாக ஆடலாம். சதுரங்க மென்பொருளான ஸ்டாக்ஃபிஷ், மையச் செயலகத்தைக் கொண்டே கணக்கிடுகிறது. அதற்குத் தனி வரைகலை அட்டை தேவையே இல்லை. நான்காவதன் நிலை வேறு. 1920×1080 அளவுள்ள ஒரு திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. அசைவு இயல்பாகத் தோன்ற, அத்தனை புள்ளிகளுக்கும் நொடிக்கு 60 முறை நிறம் கணக்கிட வேண்டும். ஒளியும் நிழலும் நீரும் புகையும் நிறைந்த பெருவிளையாட்டில் அக்கணக்கு மிகப் பெருகும். அதனைச் செய்வதற்கென்றே தனி வரைகலை அட்டை உள்ளது. அதற்கு மட்டும் அன்று மேலும் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை தேவைப்பட்டது.

மாணவன் பேசாமல் இருந்தான். தாய் அவன் முகத்தைப் பார்த்தார். “வளையலை வைத்தால்...” என்று தொடங்கினார். அவன் இடைமறித்து, “வேண்டாம் அம்மா, பிறகு போட்டுக்கொள்ளலாம்” என்றான். பிறகு போட முடியுமா என்று என்னிடம் கேட்டான்.

முடியும், ஆனால் அதற்கு இன்றே இடம் விட்டு வாங்க வேண்டும். வளரும் பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போது மடிப்பில் துணி விட்டுத் தைப்பதைப் போன்றது அது. மடிக்கணினியில் பெரும்பாலும் இவ்வாறு பின்னர் அட்டை சேர்க்க இயலாது. அடிக்கடி இடமாற்றம் பெறும் ரயில்வேக் குடும்பங்களுக்கும் விடுதியில் தங்கிப் படிப்போருக்கும் மடிக்கணினி பொருந்தும். வீட்டில் ஓரிடத்தில் வைத்து நால்வர் பயன்படுத்துவதற்கு மேசைக்கணினியே ஏற்றது.

அடுத்த நாள் தர்மதலா வரை பேருந்தில் சென்று, அங்கிருந்து சாந்தினி சௌக்குக்கு நடந்தோம். சென்னை அண்ணா சாலையருகே உள்ள ரிச்சி தெருவைப் பார்த்தவர்கள் சாந்தினியை எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். அதே நெரிசல், அதே கம்பிச் சுருள்கள். மொழி மட்டும் வேறு. தாய்க்கு வங்காளம் சரளமாக வராது. மகன்தான் கடைக்காரரிடம் வங்காளத்தில் கேட்டு, தாய்க்குத் தமிழில் சொல்லி, அவர் சொன்னதை மீண்டும் வங்காளமாக்கினான். மொழிபெயர்ப்பு என்னும் பாடத்தை நான் அவனுக்கு இனி நடத்த வேண்டியதில்லை என்று அப்போது தோன்றியது.

நாங்கள் எழுதிச் சென்றது ரைசன் 5 5600ஜி என்னும் மையச் செயலகம். அதில் 6 உட்கருக்கள் உள்ளன. வரைகலைப் பகுதியும் அதனுள்ளேயே அமைந்துள்ளது. கடைக்காரர் அதைவிட விலை குறைந்த வேறொன்றைக் காட்டி, “இதுவும் 5600தான்” என்றார். மாணவன் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் ‘ஜி’ இல்லையே” என்றான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “தனி அட்டை வைத்திருப்பீர்கள் என்று நினைத்தேன்” என்றார்.

அந்த ஓரெழுத்து இல்லையெனில் அச்செயலகத்தில் வரைகலைப் பகுதி இல்லை. தனி அட்டை வாங்கும்வரை திரை இருண்டே கிடக்கும். இன்டெல் செயலகங்களில் எண்ணின் இறுதியில் ‘எஃப்’ என்று இருந்தாலும் இதே நிலைதான். அரம் வேறு, அறம் வேறு என்று வகுப்பில் படித்தோமே! கடைவீதியிலும் ஓரெழுத்து பல ஆயிரம் ரூபாயை வீணாக்கக்கூடும்.

நினைவகத்தில் 8 ஜிபி அட்டை ஒன்று போதுமென்று முதலில் சொன்னார்கள். நாங்கள் 8 ஜிபி அட்டைகள் இரண்டு கேட்டோம். உள்ளமைந்த வரைகலைப் பகுதிக்குத் தனக்கென நினைவகம் இல்லை. அது பொது நினைவகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். அட்டைகள் இரண்டாக இருந்தால் தரவு இரு தடங்களில் ஓடும். ஒரு கதவு உள்ள பேருந்துக்கும் இரு கதவுகள் உள்ள பேருந்துக்கும் உள்ள வேறுபாடு இது. விளையாட்டில் அவ்வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

பழைய வன்தட்டுக்கு மாற்றாக 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை எடுத்தோம். வன்தட்டில் சுழலும் தகட்டின்மேல் ஒரு முனை நகர்ந்து தேடும். அது நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 150 மெகாபைட் வரை தரும். எஸ்எஸ்டியில் அசையும் உறுப்பே இல்லை. அதன் எளிய வகையே நொடிக்கு 500 மெகாபைட் அளவில் தரும். சிறு கோப்புகளைத் தேடுவதில் வேறுபாடு இன்னும் பெரிது. “1 டிபி” என்னும் பெரிய எண்ணைக் கண்டு மயங்கி வன்தட்டை மட்டும் வாங்குவோர், கணினி எழுந்திருக்கும்வரை தேநீர் அருந்திவிட்டு வரலாம்.

பலரும் சிக்கனம் பார்க்குமிடம் மின்வழங்கி. கடைக்காரர்கள் அதனை எஸ்.எம்.பி.எஸ். என்பர். பெட்டியுடன் 800 ரூபாய்க்கே ஒன்று வரும் என்றார்கள். நாங்கள் 3,000 ரூபாய்க்குத் தரச்சான்று பெற்ற ஒன்றை வாங்கினோம். நாளை வரைகலை அட்டை பொருத்தினால் அதற்கு மின்சாரம் தருவது இதுவே. மலிவான மின்வழங்கி பழுதடையும்போது தான் மட்டும் கெடுவதில்லை. தாய்ப்பலகையையும் உடன் அழைத்துச் செல்லக்கூடும். வண்ண விளக்குப் பெட்டியை மாணவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு 2,000 ரூபாய்க்கு விளக்கில்லாப் பெட்டியைச் சுட்டிக்காட்டினான்.

மொத்தக் கணக்கு ஏறத்தாழ இவ்வாறு அமைந்தது. மையச் செயலகம் 11,500, தாய்ப்பலகை 5,500, நினைவகம் 3,600, எஸ்எஸ்டி 3,000, மின்வழங்கி 3,000, பெட்டி 2,000, திரை 7,000, விசைப்பலகையும் சுட்டியும் 900, யுபிஎஸ் 3,200. ஆக 39,700 ரூபாய். கணினிப் பொருள்களின் விலை மாதந்தோறும் ஏறியிறங்கும். நினைவகத்தின் விலை சில வேளைகளில் மிகவே ஏறும். எனவே இவ்வெண்களை மனப்பாடம் செய்ய வேண்டா. எதற்கு எவ்வளவு பங்கு ஒதுக்கினோம் என்பதைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் சரக்கு சேவை வரி எண்ணுடன் கூடிய விற்பனைச்சீட்டைக் கேட்டு வாங்கினோம். பில் இல்லையென்றால் விலை குறையும் என்றார் ஒருவர். பழுது வந்தால் உத்தரவாதத்துக்கு அச்சீட்டே சாட்சி.

மீதி 300 ரூபாய். அதில் விண்டோஸ் வாங்க இயலாது. உரிமமின்றிப் பதிந்து தருவதாக ஒரு கடையில் சொன்னதை நான் ஏற்கவில்லை. கட்டணமற்ற உபுண்டு இயங்குதளத்தைப் பதிந்தோம். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பும் சூப்பர்டக்ஸ்கார்ட் என்னும் இலவசப் பந்தய விளையாட்டும் அதில் ஓடும். ஆனால் வாலரன்ட் போன்ற சில போட்டி விளையாட்டுகள் ஓடா. அவற்றின் ஏமாற்றுத்தடுப்பு மென்பொருள் விண்டோசை மட்டுமே ஏற்கும். இதையும் அவனிடம் முன்கூட்டியே சொன்னேன்.

வீட்டில் இணைத்துப் பார்த்தபோது பெட்டியைத் தொட்ட தாய் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார், விரலில் சுருக்கென்றது. கணினியில் பழுதில்லை. சுவரிலிருந்த மின்செருகியில் நில இணைப்பு இல்லை. மின்பணியாளரை அழைத்து அதைச் சரிசெய்யும்வரை கணினியை இயக்க விடவில்லை. மழைக்காலத்தில் கார்டன் ரீச்சின் தாழ்வான சந்துகளில் நீர் புகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே பெட்டியைத் தரையில் வையாமல் மேசைமேல் வைத்தோம். மாலைப் புயலின்போது மின்சாரம் நின்றால், எழுதியதைச் சேமித்து அணைக்கும் அளவுக்கு யுபிஎஸ் சில நிமிடங்கள் தாங்கும்.

15,000, 20,000 ரூபாய்தான் உண்டு என்னும் வீடுகளும் உள. அவர்கள் அலுவலகங்களில் பயன்படுத்திப் புதுப்பித்து விற்கும் மேசைக்கணினிகளைப் பார்க்கலாம். எட்டாம் தலைமுறைக்குக் குறையாதது, எஸ்எஸ்டி உள்ளது, எழுத்தில் உத்தரவாதம் தருவது என்னும் மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். பெருவிளையாட்டு ஆட இயலாது. மற்றவை எல்லாம் நடக்கும்.

இப்போது அத்தங்கை தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்கிறாள். அம்முறையைத் தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்றது. திருநெல்வேலியிலுள்ள ஆச்சிக்கு அவள் அடித்த முதல் கடிதம் பாதிப் பக்கம். அதில் ஒன்பது பிழைகள். அண்ணன் தன் கணக்கேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘வரைகலை அட்டை’ என்று தலைப்பிட்டிருக்கிறான். சென்ற மாதம் நான் பார்த்தபோது அதன்கீழ் 2,150 என்று இருந்தது.

சொல்லும் பொருளும்

மையச் செயலகம் – கணினியில் கணக்கீடுகளைச் செய்யும் முதன்மை உறுப்பு
தாய்ப்பலகை – மற்ற உறுப்புகளை இணைக்கும் மின்சுற்றுப் பலகை
வரைகலை – படம், உருவம் ஆகியவற்றைத் திரையில் தீட்டும் கலை
மயங்கி – தெளிவிழந்து
ஒப்படைப்பு – மாணவர் செய்து தரும் பாடப்பணி

பயிற்சி

1. ஐ7-4770, ஐ3-12100 ஆகிய இரண்டில் எதனை வாங்குவீர்? காரணம் தருக.
2. ‘ஜி’ என்னும் எழுத்து இல்லாத செயலகத்தை அக்குடும்பம் வாங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?
3. வளையலை அடகு வைக்கத் தாய் முன்வந்தபோது மாணவன் மறுத்தான். அவ்விடத்தில் நீர் இருந்தால் என்ன கூறுவீர்? ஐந்து வரிகளில் எழுதுக.
4. உம் வீட்டில் யார் யார், எவ்வெவற்றுக்குக் கணினியைப் பயன்படுத்துவர்? வீட்டாரைக் கேட்டு எழுதி வருக.
5. கடைக்காரருக்கும் மாணவனுக்கும் நிகழ்ந்த உரையாடலை வங்காளத்திலோ இந்தியிலோ பேசிக்காட்டி, பின்னர்த் தமிழில் எழுதுக.