கூலண்டில் எண்ணெயா? ஹெட்டை இறக்குமுன் இதைக் கேள்

கூலண்ட் டப்பாவைத் திறந்ததும் பால் விட்ட காப்பி நிறத்தில் கொழகொழவென்று இருந்தால், தங்கச்சி, முதலில் வண்டியை நிறுத்து. கீரிப்பாறையிலிருந்து தடிக்காரன்கோணம் வரை இறக்கம்தானே, உருட்டிவிடலாம் என்று கயிறு கட்டாதே. இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாய் இறுகிவிடும். ரிக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்பு.

வந்தது எண்ணெய்தானா என்று நீயே பார்க்கலாம். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திற. சூட்டில் திறந்தால் முகம் வெந்துபோகும். ஒரு சொட்டு எடுத்துப் பத்திரிகைத் தாளில் விட்டுக் காயவை. காய்ந்த பிறகும் வடை மடித்த தாள்போல் வெளிச்சம் தெரிந்தால் எண்ணெய். தெரியாவிட்டால் துருவாக இருக்கும், அல்லது இரண்டு வகைக் கூலண்டை யாரோ கலந்திருப்பார்கள்.

அடுத்து டிப்ஸ்டிக்கை உருவிப் பார். இதுதான் முக்கியம், கேட்டியா? கூலண்டில் எண்ணெய் இருந்தும் டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால், முதல் சந்தேகம் ஆயில் கூலர்மேல். ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் 3, 4 பார் வரும். கூலண்டுக்கு 1 பார் அளவுதான். கூலருக்குள் சின்ன ஓட்டை விழுந்தாலும் எண்ணெய்தான் அந்தப் பக்கம் பாயும். ஆட்டோமேட்டிக் வண்டியில் குழம்பு இளஞ்சிவப்பாக இருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலரைப் பார்க்கச் சொல்.

டிப்ஸ்டிக்கிலும் அதே பால் நிறம் தெரிந்தால் சாவியைத் தொடாதே, பேரிங் போய்விடும். ஆனால் ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை இருந்தால் பயப்படாதே. நம்மூர் மழைக்காலத்தில் கடைக்கும் வீட்டுக்குமாக மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் அப்படித் தங்கும்.

டப்பாவில் விடாமல் குமிழி, வெள்ளைப் புகை, இன்ஜின் சூடு எல்லாம் சேர்ந்தால் ஹெட் கேஸ்கட் பக்கம் போகலாம். அப்போதும் நீல மருந்து வைத்துப் பார்க்கச் சொல். எரிந்த புகை கூலண்டில் கலந்தால் அந்த மருந்தின் நிறம் மாறும். மெக்கானிக் நேரே ஹெட்டை இறக்கக் கிளம்பினால், "அண்ணாச்சி, ஆயில் கூலரைக் கழத்திக் காத்தடிச்சுப் பாத்தாச்சா?" என்று கேள். கோபப்பட்டால் படட்டும். ஹெட்டை இறக்கியே ஆகவேண்டுமென்றால், லேத் பட்டறையில் அதன் மட்டம் பார்க்காமல் புது கேஸ்கட் போட விடாதே.

சரிசெய்த பிறகு எண்ணெய்ப் பிசுக்குப் போகும்வரை பலமுறை கழுவவேண்டும். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறாய், எண்ணெயில் ஊறினால் ரப்பர் உப்பும் என்று உனக்குச் சொல்லவேண்டாம். ஹோஸை அமுக்கிப் பார். கொழகொழத்திருந்தால் புதிது போடச் சொல், பழையதைத் துடைத்து மாட்ட விடாதே.