நன்றிக் கடிதம் சான்றாகுமா?

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்கான வழிகாட்டுதல் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். பெற்றோர் எழுதிய நன்றிக் கடிதங்களை அடுக்கிவிட்டு, வழிகாட்டுதல் பயன் தந்தது என்று முடித்திருக்கிறாய். அந்த முடிவு என்னை உறுத்துகிறது. கடிதங்களை அட்டவணை போட்டுவிட்டால் ஆய்வாகிவிடாது, தம்பி. நன்றி பொய்யென்று நான் சொல்லவில்லை. பயன் பெற்றவர் நன்றி சொல்வார். அந்தப் பயன் யாரிடமிருந்து பறிபோனது என்பது அவருக்கே தெரியாது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தை எடுத்துக்கொள். 2005 வரை அங்கே அரசுப் பள்ளிச் சேர்க்கை இப்படி நடந்தது: பெற்றோர் பள்ளிகளை விருப்ப வரிசையில் எழுதித் தருவார்கள். முதல் சுற்றில் முதல் விருப்பத்தை மட்டும் பார்த்து இடத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிடுவார்கள். அண்ணனோ அக்காவோ படிக்கும் பள்ளியா, நடந்து போகும் தூரமா என்று பார்ப்பார்கள்; அப்படியும் போட்டி தீராவிட்டால் குலுக்கல் எண். மிச்சம் இருந்தால்தான் இரண்டாம் விருப்பம். கூட்டம் மொய்க்கும் பள்ளியை முதலிலும், அதேபோன்ற இன்னொன்றை இரண்டாவதாகவும் ஒரு தாய் எழுதினால் என்ன ஆகும்? முதலாவது தவறும்போதே இரண்டாவதும் நிரம்பியிருக்கும். அதை முதலில் எழுதியவர்களைவிட அவள் பிள்ளையின் குலுக்கல் எண் நல்லதாக இருந்தாலும் பயனில்லை. 2000-01 சேர்க்கையை ஆராய்ந்தபோது ஏறத்தாழ 19 சதவீதம் பேர் இப்படித்தான் எழுதியிருந்தார்கள்; அவர்களில் சுமார் 27 சதவீதத்தினருக்கு எங்கும் இடம் ஒதுக்கப்படவில்லை. அதே நகரில் வெஸ்ட் ஸோன் பேரன்ட்ஸ் குரூப் என்ற பெற்றோர் குழு கூடிக் கூடி வழி சொன்னது: பிடித்த பள்ளிகளில் போட்டி குறைந்தது எதுவென்று பார், அதையே முதலில் எழுது. அருமையான யோசனைதான். ஆனால் அந்த யோசனையால் நகரத்தில் ஒரு இடம்கூடக் கூடவில்லை. விவரம் தெரிந்தவர் பெற்ற இடம், விவரம் தெரியாதவர் இழந்த இடம். இழந்தவர் யாருக்கும் கடிதம் எழுதவில்லை.

பாஸ்டனின் இந்தச் சேர்க்கை முறைக்கு மாற்று 1962-லேயே அச்சில் இருந்தது. கணிதவியலாளர்கள் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி இருவரும் எழுதிய அந்தக் கட்டுரை ஏழே பக்கம். சூத்திரங்களை நம்பாமல் பேச்சு நடையிலேயே நிரூபணம் சொல்லும். கணிதம் என்றாலே மிரளுபவர்களுக்கு நான் அதைத்தான் கையில் கொடுப்பேன், நீயும் படி. எந்த இடத்தையும் கடைசிவரை தற்காலிகமாகவே வைத்திருப்பதுதான் அது சொல்லும் முறையின் உயிர். அதனால் மனதில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறவர் நஷ்டப்பட மாட்டார். பொருளியலாளர் ஆல்வின் ராத் முதலியோர் எடுத்துச் சொல்ல, 2005-ல் பாஸ்டன் இந்த முறைக்கு மாறியது. மாற்றத்தை எதிர்த்துப் பேசியவர்களில் அந்தப் பெற்றோர் குழுவின் தலைவரும் ஒருவர்! கற்றுக்கொண்ட வித்தை செல்லாக்காசாகப் போகிறதே, எதிர்க்காமல் என்ன செய்வார்?

அப்படியானால் வழிகாட்டுதலே வேண்டாமா என்று நீ கேட்பாய். படிவத்தை நிரப்பும் தந்திரம் வேறு, பள்ளியைப் பற்றிய தகவல் வேறு. வட கரோலினாவின் சார்லட்டில், பள்ளிகளின் தேர்வு மதிப்பெண்களை எளிய பட்டியலாக ஏழைக் குடும்பங்களிடம் கொடுத்தபோது, மதிப்பெண் கூடிய பள்ளிகளை அவர்கள் அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆய்வாளர்கள் ஹேஸ்டிங்ஸ், வைன்ஸ்டீன் இருவரும் 2008-ல் இதை வெளியிட்டார்கள். அங்கேயும் நல்ல பள்ளியின் இடங்கள் எண்ணி வைத்தவைதானே என்று நீ மடக்கலாம். சரிதான். ஆனால் அச்சிட்ட தாளை ஊர் முழுக்கக் கொடுக்க முடியும். தந்திரம் ஊர் முழுக்கத் தெரிந்த அன்றே செத்துவிடும்.

ஆகையால் கட்டுரையைத் திருத்தி எழுது. நன்றி சொன்னவர்களை ஒரு பத்தியில் முடித்துக்கொள். ஆலோசனைக் கூட்டத்துக்கே வராத குடும்பங்கள் என்ன வரிசையில் எழுதின, எங்கே இடம் பெற்றன என்று தேடு. அந்த விவரம் இல்லாமல் அடுத்த வரைவை எனக்கு அனுப்பாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்