அளந்தறியும் வகுப்பு

கல்முனைக்கு அணித்தான காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரைத் தமிழ்ப் பேராசிரியராக யாவரும் அறிவர். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த அவர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி என்பதை நினைப்பார் சிலரே. 1947இல் வெளிவந்த யாழ்நூலிற் பண்டை நூல்கள் கூறும் சுருதிகளைக் கணக்கிட்டே ஆராய்ந்தார்.

நம் வகுப்புகளிலோ குறிப்பெழுதுவித்தலே பாடமாயிற்று. நான் பயின்ற ஒரு வகுப்பில், ஐயம் வினவியவன் அடக்கமற்றவன் எனப்பட்டான்!

ஆசிரியர் ஒருநாள் இதனைச் செய்து பார்ப்பாராக. 60 சென்ரிமீற்றர்க் கம்பியொன்றை இழுத்துக் கட்டுக. 30இல் மேல் ஷட்ஜம் ஒலிக்கும். பஞ்சமம் எங்கே பிறக்கும்? ஒவ்வொரு மாணவரும் காரணத்தோடு முன்னரே எழுதுக. இரண்டிற்கும் நடுவே, 45இல் என்பார் பலர். மீட்டினால் அங்கே கேட்பது மத்தியமம்; பஞ்சமம் 40இல் நிற்கும். விரலால் அழுத்தினால் இழுவிசை கூடிச் சுரம் சற்றே உயரும். ஆதலின் கம்பியை மெல்லத் தொடும் குதிரையை நகர்த்துதல் நன்று. (இதனையும் மாணவரே கண்டுபிடித்தல் இன்னும் நன்று.)

45 என்றெழுதியவரைத் திருத்திவிட்டு ஆசிரியர் அப்பாற் செல்லலாகாது. சுரங்களைப் பிரிப்பது நீளங்களின் வித்தியாசமன்று, விகிதமே என்று அம்மாணவர் தாமே நிறுவிக் காட்டும்வரை வகுப்புக் காத்திருத்தல் வேண்டும். பாடத்திட்டம் முடியாதே என்பர். இரண்டு பாடங்கள் எஞ்சினால் எஞ்சட்டும்.