முதல் வாரம் கால் வயிறு போதும்

கீமோ முடிஞ்சு, வாய்ப்புண் ஆறி, ஒரு வாரமா கஞ்சிகூட இறங்காத மனுஷன் "பசிக்குது"ன்னு சொல்லிட்டா நமக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. நாட்டுக்கோழி சூப், ஆட்டுக்கால் பாயா, ரெண்டு டம்ளர் ஹார்லிக்ஸ்னு வீடே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடும். பிளட் கேன்சர் வார்டுல அட்டெண்டரா உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கச்சிங்களா, கொஞ்சம் பொறுங்க.

பட்டினி கிடந்த உடம்புக்குள்ள திடீர்னு மாவுச்சத்து போனா இன்சுலின் எகிறும். ரத்தத்துல இருக்கிற பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்லுக்குள்ள போயிடும். ரத்தத்துல அளவு சரிஞ்சதும் இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சு வாங்கும், ஃபிட்ஸ்கூட வரலாம். இதுக்கு ரீஃபீடிங் சிண்ட்ரோம்னு பேரு. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு மீட்கப்பட்ட கைதிகள் சிலர், வயித்துக்குச் சோறு கிடைச்ச பிறகு செத்துப்போனது இதனாலதான். மூக்குல ட்யூப் போட்டு ஊட்டினாலும், டிரிப்ல சத்து ஏத்தினாலும் இதே ஆபத்து உண்டு. முதல் நாலஞ்சு நாள்தான் கண்டம்.

ஒரு நோட்டு வெச்சுக்கோங்க. டாக்டர் கேட்டா "கொஞ்சம் சாப்பிட்டார்"னு மழுப்பாதீங்க. "காலையில அரை இட்லி, அதுலயும் பாதி வாந்தி"ன்னு சொல்லுங்க. 5 நாளுக்கு மேல சரியா சாப்பிடலைன்னாலோ, சில மாசத்துல 60 கிலோ 54க்குக் கீழே இறங்கியிருந்தாலோ, கேட்காமலே சொல்லிடுங்க. அப்போதான் முதல்ல தயமின்ங்கிற வைட்டமின் கொடுத்து, ரத்தம் பார்த்து, கிலோவுக்கு 10 முதல் 20 கலோரின்னு ஆரம்பிச்சு மெதுவா ஏத்துவாங்க. 50 கிலோ ஆளுக்கு முதல் நாள் 500லேர்ந்து 1000 கலோரிதான். "இதென்ன பச்சக்குழந்தை சாப்பாடு"ன்னு டயட்டீஷியன்கிட்ட மல்லுக்கு நிக்காதீங்க. ராத்திரி ஒளிச்சு ஊட்டற அத்தைங்களையும் எனக்குத் தெரியும், அவங்களையும் கட்டுப்படுத்துங்க.

இளநீர் விஷயத்துலதான் எல்லாரும் குழம்பறாங்க. கீமோ ஆரம்பிச்ச நாள்கள்ல கேன்சர் செல்கள் கொத்துக்கொத்தா உடையறப்ப பொட்டாசியமும் பாஸ்பேட்டும் ஏறலாம். அதனால இளநீர், வாழைப்பழம் வேண்டாம்பாங்க. பட்டினிக்கு அப்புறம் சாப்பிட ஆரம்பிக்கும்போது அதே பொட்டாசியமும் பாஸ்பேட்டும் ரத்தத்துல இறங்கும். போன வாரம் சொன்னது இந்த வாரத்துக்குப் பொருந்தாது; பக்கத்து பெட்காரருக்குச் சொன்னது நமக்குப் பொருந்தவே பொருந்தாது. அன்னிக்குக் காலை ரிப்போர்ட்டைப் பார்த்துக் கேட்டுட்டுக் கொடுங்க.

வெள்ளை அணுக்கள் குறைஞ்சிருக்கும்போது சுடச்சுட அப்பவே சமைச்சதுதான். நறுக்கி விக்கிற பழம், கடை ஜூஸ் எதுவும் வேண்டாம்.

எடையைத் தினமும் காலையில பாருங்க. ரெண்டே நாள்ல 2 கிலோ ஏறி, காலும் வீங்கியிருந்தா சதை போட்டுட்டார்னு சந்தோஷப்படாதீங்க, அது நீர். அதோட மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, கைகால் மரத்தாலோ ரவுண்ட்ஸ் வரைக்கும் காத்திருக்காம, நடுராத்திரியா இருந்தாலும் டியூட்டி சிஸ்டரை எழுப்புங்க.