கடையைச் சாத்தாமல் பெயின்ட் அடிக்க முடியுமா?

கேள்வி: திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு மளிகைக் கடை. தாத்தா நெல்லையிலிருந்து வந்து தொடங்கியது. அகலம் பத்தடி, நீளம் நாற்பதடி. பின்னால் ஒரு குடோன், அதற்குச் சந்து வழியாகத் தனிக் கதவு உண்டு. சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது. ஓணத்துக்கு முன் பெயின்ட் அடித்துவிடலாம் என்றால், மேஸ்திரி ஒரு வாரம் கடையைச் சாத்தச் சொல்கிறார். ஒரு வாரம் சாத்தினால் வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடும். ஞாயிறு மட்டும்தான் எங்களுக்கு விடுமுறை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், சாலை

பதில்: சாத்த வேண்டாம், அண்ணாச்சி. ஆனால் ஓணத்துக்கு முன்பும் வேண்டாம்.

இடவப்பாதியில் பிடித்த மழை ஆவணியிலும் முழுதாக விட்டிருக்காது. சுவர் குடித்த தண்ணீர் உள்ளேயே இருக்கும். உப்புப் பூப்பதே அதற்குச் சாட்சி. சந்தேகமிருந்தால் ஓரடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் அந்தச் சுவரில் எந்த பெயின்டும் நிற்காது. முதலில் ஒழுகுகிற குழாயையோ ஓட்டையோ பாருங்கள். ஐப்பசியில் துலாமழை வேறு வரும். ஆகவே உங்கள் ஊருக்குப் பெயின்ட் காலம் தை முதல் பங்குனி வரைதான்.

அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாசி வாக்கில் ஆற்றுக்கால் பொங்கல் வரும். 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு செய்த திருவிழா அது. அவர்கள் பொங்கல் வைக்கும் செங்கல் அடுப்புகள் உங்கள் தெரு வாசல் வரை வரும், புகையும் கரியும் கூடவே வரும். உள்வேலையைத் தையிலேயே தொடங்குங்கள். முகப்பை மட்டும் ஆற்றுக்கால் பொங்கல் முடிந்து விஷுவுக்குள் அடியுங்கள்.

அதுவரை சும்மா இருக்கவும் முடியாது. உணவுப் பொருள் விற்கும் இடத்தில் சுவர் பெயின்டோ பூச்சோ உதிரக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. உதிர்வதைத் துடைப்பத்தால் தட்டி எடுத்துவிட்டு, அரிசி மூட்டைகளைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள்.

இனி வேலை முறை. கோயில் திருப்பணியில் பாலாலயம் செய்வது உங்களுக்குத் தெரிந்ததுதான். கருவறையில் வேலை நடக்கும்போது தெய்வ சக்தியை வேறிடத்தில் ஆவாகனம் செய்து பூசையை அங்கே நடத்துவார்கள். மதுரை மீனாட்சி கோயிலில் 2009 ஏப்ரல் குடமுழுக்குக்கு முன் கோபுரங்கள் கீற்றுக்குள் மறைந்து நின்றன, ஆனாலும் தரிசனம் நடந்தது. உங்களுக்கு மூலவர் கல்லாப்பெட்டியும் தராசும். அவை எங்கே போகின்றனவோ அங்கேதான் கடை.

முதலில் குடோனை முடியுங்கள், நடுக்கதவைச் சாத்திக்கொண்டால் வேலை நாளிலேயே நடக்கும். அடுத்து நாற்பதடியை நடுவில் தார்ப்பாய் கட்டி இரண்டாகப் பிரியுங்கள். முன் இருபதடியில் வியாபாரம், பின் இருபதடியில் வேலை. முன்பாதிக்கு இரண்டு ஞாயிறு போதும். சனி இரவு ஒன்பது முதல் திங்கள் காலை ஒன்பது வரை 36 மணி நேரம் கையில் இருக்கிறது. முதல் ஞாயிறு சுரண்டல், பட்டி, பிரைமர். அடுத்த ஞாயிறு இரண்டு கோட் எமல்ஷன், இடையில் ஆறு மணி நேரம் விட்டு. நடுவில் உள்ள ஆறு நாளும் வெள்ளைச் சுவரோடு வியாபாரம் பாருங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பெயின்டைவிட பட்டி தேய்க்கும் தூசிக்குத்தான் பயப்பட வேண்டும். மல்லித்தூள் டப்பா வரைக்கும் போகும். ஈரம் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். தாத்தா காலத்து மரக்கதவை மட்டும் உலர்வாகச் சுரண்ட விடவே கூடாது. பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது, அதற்கு முந்தைய எனாமலில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது.

எனாமல் வாசனை வேறொரு தொல்லை. நாகர்கோவிலில் டீத்தூள் விற்ற என் மாமாவின் கடைக்கு ஒரு சனிக்கிழமை இரவு நானே கதவுக்கு எனாமல் அடித்துக் கொடுத்தேன். ஒரு டீத்தூள் டின்னின் மூடி திறந்திருந்ததை நான் பார்க்கவில்லை. புதன்கிழமைக்குள் ஆறு பேர் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். டீத்தூள் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.

ஷட்டருக்கும் எனாமல்தான். அதை இறக்கி வைத்துத்தான் அடிக்க வேண்டும், காயும் முன் சுருட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனவே அதற்கென்று ஒரு தனி ஞாயிறு ஒதுக்குங்கள். அன்றைக்கு உள்ளே வேறு வேலை வேண்டாம், காற்றோட்டம் இருக்காது. டீ, காப்பித்தூளை முந்தின நாளே குடோனுக்கு மாற்றிவிடுங்கள்.

தராசை இடம் மாற்றும்போதெல்லாம் அதிலுள்ள நீர்க்குமிழி நடு வட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஆடுகிற பலகைமேல் வைத்தால் எடை பிசகும்.

நிறம் உங்கள் வீட்டம்மாவின் விருப்பம். மேஸ்திரியிடம் மட்டும், தினமும் காலை எட்டரைக்குள் கூட்டித் துடைத்துத் தர வேண்டும் என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

முகப்பில் சாரம் கட்டும் அன்றே பெரிய எழுத்தில் ஓர் அட்டை தொங்கவிடுங்கள், மலையாளத்தில்: ‘கட துறந்நிட்டுண்டு’ (கடை திறந்திருக்கிறது). தார்ப்பாயைக் கண்டதும் கடை மூடியிருக்கிறது என்று நேரே நடந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.