பெரிய படம், சின்னத் திரை

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். கம்ப்யூட்டர் கிடையாது. அப்பா தவணையில் வாங்கித் தந்த செல்போன்தான் என் நோட்டு. அதில் அப்சிடியன் என்ற இலவச மென்பொருளில் குறிப்பு எழுதுகிறேன். அதற்குள் மெர்மெய்டு என்றொரு வசதி உண்டு. எந்தக் கட்டம் எதோடு சேர்கிறது என்று எழுத்தாகத் தட்டினால் போதும், படத்தை அதுவே வரைந்துவிடும்.

போன செமஸ்டரில் 110/11 கே.வி. துணைமின் நிலையம் முழுவதையும் ஒரே படமாகப் போட்டேன். எழுபது கட்டம்! பெருமையோ பெருமை. வைவாவுக்கு முதல்நாள் இரவு, சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி. மறுநாள், "இன்கமிங் லைனில் முதலில் வருவது என்ன?" என்றார் எக்ஸ்டர்னல். ஐசோலேட்டர் என்றேன். லைட்னிங் அரெஸ்டர் அல்லவா! மின்னலால் வரும் உயர் அழுத்தம் கருவிகளைத் தொடுமுன் பூமிக்குப் போக வேண்டுமே. படத்தில் அது இருந்தது. என் கண்ணில்தான் படவில்லை.

படம் எவ்வளவு அகலமானாலும் மென்பொருள் அதைப் பக்கத்துக்குள் அடக்கிவிடுகிறது, அதுதான் காரணம். இடமிருந்து வலமாக 'எல்.ஆர்.' என்று கொடுத்திருந்ததை மேலிருந்து கீழாக 'டி.டி.' என்று மாற்றினேன். போன் நெட்டுவாக்கில்தானே இருக்கிறது, பாதி நோய் தீர்ந்தது. லேப்டாப் உள்ளவர்கள் செட்டிங்ஸில் 'ரீடபிள் லைன் லெங்த்' என்பதை அணைத்தால் பக்கம் அகலமாகும். மெர்மெய்டு படம் எஸ்.வி.ஜி. வகை. போட்டோ மாதிரி இல்லை, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது.

ஆனால் பெரிதாக்கினால் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோகும். இதற்கு வழி சொன்னவன் ஒரு சிவில் நண்பன் (அவர்களிடமும் கற்க விஷயம் இருக்கிறது!). சர்வே ஆஃப் இந்தியா தன் பழைய வரிசையில் ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி பரப்பை 1:50,000 அளவில் 16 தாள்களாக வெட்டியிருக்கிறது. நம் ஸ்ரீரங்கம் 58 ஜே/9. எண் தெரிந்தால் பக்கத்துத் தாளும் தெரியும்.

நானும் வெட்டினேன். இன்கமிங், டிரான்ஸ்பார்மர், 11 கே.வி. பஸ்பார், ஃபீடர் என நான்கு குறிப்பு. பிரேக்கர் இருக்கும் இடங்களில் வெட்டினேன். நிஜத்தில் பிரிகிற இடத்திலேயே படமும் பிரிந்தால் குழப்பமில்லை. வெட்டிய இரண்டு முனையிலும் அந்த பிரேக்கரையே எழுதணும், இல்லாவிட்டால் தொடர்ச்சி போச்சு. பிறகு நாலே கட்டமுள்ள ஒரு தாய்ப்படம். அதன் கீழே ஒவ்வொரு குறிப்பின் பெயரையும் இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினால், தொட்டதும் அது திறக்கும்.

அப்பா ஒருநாள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம வீட்டு கரண்டு எங்கடா இருக்கு?" என்றார். ஃபீடரைத் தொட்டுக் கடைசிக் கட்டத்தைக் காட்டினேன்.