வலிப்பும் வளரும் மூளையும்

காய்ச்சலின்போது குழந்தைக்கு வரும் வலிப்பை 'ஜன்னி' என்பது நம் நாட்டுப்புற வழக்கு. இந்த ஒரு சொல்லில் இரு வேறு நிலைமைகள் அடங்கியுள்ளன. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் சிலருக்குச் சாதாரணக் காய்ச்சலிலும் வலிப்பு வருவதுண்டு. பெரும்பாலும் அது சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும்; மூளைக்குக் கேடு செய்வதில்லை. மற்றொன்று, நோய்க்கிருமி மூளையையே தாக்குவதால் வருவது. இதுவே அஞ்சத்தக்கது.

நான் பயிலும் வாரணாசிக்கு வடக்கே உள்ள கோரக்பூர்ப் பகுதி மக்கள் இதனை நன்கு அறிவர். 2005-ஆம் ஆண்டு அங்கே பரவிய மூளைக் காய்ச்சலில் 1,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் குழந்தைகள். அதற்கு முக்கியக் காரணமாயிருந்தது ஜப்பானிய மூளைக் காய்ச்சல். பெயர் ஜப்பானுடையதாயினும், நம் நாட்டில் இது 1955-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது வேலூர்ப் பகுதியில்தான். பன்றியிடமும் நீர்ப்பறவைகளிடமும் வாழும் வைரஸை, நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு மனிதனுக்குக் கொண்டுவருகிறது. தொற்றியோருள் சுமார் 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகிறது. ஆனால் மூளை வீக்கமுற்றவர்களில் 30 விழுக்காட்டினர் வரை இறக்கக்கூடும்; 30 முதல் 50 விழுக்காட்டினருக்குப் பேச்சு, நடை, அறிவு ஆகியவற்றில் நிலையான குறை நேரலாம்.

இக்கேட்டில் வலிப்புக்கு உள்ள பங்கு யாது? நரம்பணுக்களுள் சில தூண்டுபவை, சில அடக்குபவை. தூண்டும் பொருள் குளூட்டமேட். அடக்கும் பொருள் காபா. வலிப்பில் இச்சமநிலை குலைகிறது. எண்ணற்ற அணுக்கள் ஒருசேர ஓயாமல் மின்துடிப்பை எழுப்புகின்றன. அவற்றுக்குப் பிராணவாயுவும் குளுக்கோஸும் மிகுதியாக வேண்டும். அதே வேளையில் குழந்தையின் மூச்சோ தடுமாறுகிறது. வீங்கிய மூளைக்கு இரத்தமும் போதிய அளவு செல்வதில்லை. தேவை ஏற, வரவு குறைகிறது. மிகுந்த குளூட்டமேட்டினால் கால்சியம் அணுவினுள் வெள்ளமெனப் புகுந்து அதனை அழிக்கிறது. நினைவுக்கு இருப்பிடமான ஹிப்போகாம்பஸ் பகுதி இதற்கு எளிதில் இரையாகும்.

மருந்துக்கும் காலம் உண்டு. லோராஸிப்பாம், மிடாஸோலாம் முதலியவை காபாவின் ஏற்பிகள் வழியாகவே வேலை செய்கின்றன. வலிப்பு நீள நீள, அந்த ஏற்பிகள் அணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே ஒடுங்கிவிடுகின்றன. தொடக்கத்தில் சிறிதளவு மருந்துக்கு அடங்கும் வலிப்பு, பின்னர் பெருமளவுக்கும் அடங்காது போவது இதனால்தான். ஆகவே, ஐந்து நிமிடம் கடந்தால் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பர் மருத்துவ அறிஞர். முப்பது நிமிடம் கடந்தால் நிலையான சேதம் நேரக்கூடும்.

கை கால் உதறல் நின்றுவிட்டதாலேயே வலிப்பு நின்றது என எண்ணலாகாது. மூளைக் காய்ச்சலில், விரல் நுனியோ கண்ணிமையோ மட்டும் மெல்லத் துடித்துக்கொண்டிருக்க, உள்ளே வலிப்பு தொடர்வதுண்டு. குழந்தைக்குத் தெளிவு திரும்பவில்லையெனில் அதனை உறக்கமென்று விட்டுவிடக் கூடாது.

அப்படியாயின் அருகில் இருப்பவர் செய்யவேண்டியது என்ன? முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இறுகிய ஆடையைத் தளர்த்த வேண்டும். கையில் சாவி கொடுப்பதாலும் முகத்தில் தண்ணீர் தெளிப்பதாலும் பயனில்லை. வாயில் கரண்டி திணிப்பதும் நீர் புகட்டுவதும் மூச்சை அடைத்துவிடும். ஐந்து நிமிடத்தில் அடங்காவிடினும், அடங்கியபின் தெளிவு வராவிடினும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வருமுன் காக்கும் வழியும் உண்டு. 2006 முதல், இந்நோய் மிகுந்த மாவட்டங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டு வருகிறது. எனினும் மூளையைத் தாக்கும் கிருமிகள் பல. எல்லாவற்றுக்கும் ஊசி இல்லை. நம்மில் பலர் நாளை பள்ளி ஆசிரியராவோம். எல்லோருமே விடுமுறைக்கு ஊர் செல்வோம். ஏதேனும் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு குழந்தை வலிப்புற்றுக் கிடக்க, சுற்றி நிற்போர் சாவியைத் தேடுகையில், நாம் கடிகாரத்தைப் பார்த்து வண்டியைத் தேடுவோமாக.